அந்தமான் ரேடியோ அண்டு டெலிவிஷன் கம்பெனியின் நாற்பது ஊழியர்கள்

உதுமானின் வாழ்க்கையைச் சொல்வதென்றால் அவருடைய கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனியின் சரித்திரத்தை யாராலும் சிரிக்காமல் சொல்ல முடியாது. அவராலேயே முடியாது. "லெட்டர்பேடு அடிச்சு முடிச்ச பெறகு, சரி, இனி என்ன தொழில் பண்ணலாம்னு யோசிச்ச கம்பெனி ஒலகத்துலயே நம்ம கம்பெனி ஒண்ணுதான்" என்று யாரும் கேட்பதற்கு முன் அவரே ஆரம்பித்துவிடுவார்.

லெட்டர்பேடு 1966-ல் சென்னை மண்ணடியில் அச்சானது. ஆயிரம் தாள். மேலே நீல மையில் "அந்தமான் ரேடியோ அண்டு டெலிவிஷன் கம்பெனி, தலைமையகம்: போர்ட் பிளேர்" என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் "கிளைகள்: ஹேடோ, ஹேவ்லாக், ஹட் பே." ஹேடோவில் கம்பெனிக்குச் சொந்தமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் தென்னை மரத்தில் தொங்கின, அதனால் அதைக் கிளை என்று சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஹேவ்லாக் கிளை என்பது அங்கே குடியேறிய ஒரு வங்காளிக்கு உதுமான் பழுது பார்த்துக் கொடுத்த ஒரு ரேடியோ. ஹட் பேயில் அப்போது குடியேற்றமே ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்கப்போகிறது என்று ஓர் ஆபீசர் டீக்கடையில் சொன்னதைக் கேட்டு, ஜனங்கள் போவதற்கு முன்பே கிளை போய்விட்டது.

டெலிவிஷன் விஷயம் இன்னும் மோசம். அந்தப் பெட்டியை உதுமான் கண்ணால் பார்த்தது கிடையாது. டில்லியில் வந்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்தார், அவ்வளவுதான். எப்படியும் ஒருநாள் இங்கேயும் வரும், அப்போது பெயர்ப் பலகையை மாற்றி எழுத வேண்டாமே என்று முன்யோசனையாகப் பெயரில் சேர்த்துவிட்டார். பலகையைப் பார்த்துவிட்டு, "டெலிவிஷன் கிதர் ஹை, பாய்?", எங்கே அது, என்று கேட்பவர்களுக்கு, "கப்பல்ல வந்துக்கிட்டே இருக்கு" என்று பதில் சொல்வார். மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் அதுதான் பதில் என்பதால் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

உதுமான் தொண்டிக்காரர். 1954-ல் தாய்மாமன் நூர்முகம்மதுவின் ஜவுளிக்கடைக்கு ஒத்தாசையாக அபர்டீன் பஜாருக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் ஒத்தாசையைத் தவிர மற்ற எல்லாம் செய்தார். ரவிக்கைத் துணி வாங்க வந்த பெண்கள் காத்திருக்க, இவர் கடை ரேடியோவின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருப்பார். மாமா ஏழு வருஷம் பொறுத்தார். "துணியக் கிழிடான்னா ரேடியோவக் கிழிக்கிறே" என்று சொல்லி, எட்டாவது வருஷம் வெளியே அனுப்பினார். மாமாவுக்கும் மருமகனுக்கும் அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை, மருமகன் எதிரிலேயே ரேடியோ ரிப்பேர்க் கடை போட்டிருந்தும்.

கம்பெனிக்கு ஒரு பங்காளியும் உண்டு. ஹேடோ துறைமுக வேலையில் கிளார்க்காக இருந்த பாலசுப்பிரமணியம். சர்க்கார் உத்தியோகஸ்தர் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால், தன் பங்கை மனைவி மரகதத்தின் பெயரில் வைத்தார். ஆகவே சட்டப்படி மரகதம்தான் சேர்மன். முதல் போர்டு மீட்டிங் அவர்கள் குவார்ட்டர்ஸ் அடுப்படி வாசலில் நடந்தது. சேர்மன் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தான் சேர்மன் என்ற சங்கதி அவருக்குக் கீரை வெந்து இறங்கிய பிறகுதான் தெரிய வந்தது.

ஆனால் தொழில் என்று ஒன்று இருந்தது, அது நன்றாகவும் நடந்தது. தேங்காய் பறிக்கும் சொக்கலிங்கம் மரம் மரமாக ஏறி ஒயர் இழுத்தார். பஜாரில் நான்கு குழாய், ஹேடோவில் இரண்டு. மைக் அனுமதி வாங்கியாயிற்று. தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை ஒலிபரப்பு. சென்னைக் கப்பல் எங்கே வருகிறது, கல்கத்தாக் கப்பல் எத்தனை நாள் தாமதம், வெங்காயம் இறங்கியதா, யார் யாருக்குத் தந்தி வந்திருக்கிறது, நடுவில் இரண்டு பாட்டு. சர்க்கார் ரேடியோ உலகச் செய்தியெல்லாம் சொல்லும். வெங்காயம் இறங்கியதை உதுமான்தான் சொல்வார். பஜார் அவர் பக்கம் நின்றது.

ஸ்டுடியோ என்பது கடையின் பின்னால் இருந்த பத்தடி அறை. தகரக் கூரை. அந்த ஊரில் வருஷத்தில் எட்டு மாதம் மழை. மைக் முன்னால் உட்கார்ந்து "வணக்கம்" என்று உதுமான் சொன்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம்தான் ஊருக்குக் கேட்டது. பிடிவாதமாக ஒரு வருஷம் வேலை பார்த்தார். கோணிகளில் தேங்காய் நார் அடைத்து, சுவரில் மூன்று அடுக்கு, கூரைக்குக் கீழே நான்கு அடுக்கு, கதவின் உள்பக்கம் ஒரு மெத்தை. முடிந்தபோது உள்ளே மழையும் கேட்கவில்லை, பஜாரும் கேட்கவில்லை. வெளியே நின்று கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வருகிறவர்களையெல்லாம் உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி, "கேக்குதா? கேக்கலல்ல?" என்று பெருமைப்படுவார்.

1968-ல் கம்பெனி விரிவடைந்தது. அவருடைய மச்சான் சேக் தாவூத், மனைவி நசீராவின் தம்பி, மண்ணடியில் கப்பல்காரர் ஒருவரிடமிருந்து பழைய டேப் ரெக்கார்டர் இரண்டைப் பிடித்தார். ஒன்று மண்ணடியில், ஒன்று போர்ட் பிளேரில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து பேசுவார்கள். டேப் கப்பலில் போகும். அங்கே வீட்டார் மண்ணடிக்கு வந்து கேட்டுவிட்டு, பதில் பேசி அனுப்புவார்கள். டேப் பெட்டியில் பச்சை நூல் கட்டியிருந்தால் ஊருக்கே ஒலிபரப்பலாம்: எல்லோரும் சௌக்கியம், மாடு கன்று போட்டது, இந்த மாதிரி. சிவப்பு நூல் என்றால் சொந்த விஷயம். பஜாருக்குப் போகும் லைனை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சம்பந்தப்பட்டவர் மட்டும் கேட்க வேண்டும். இந்த விதியை அட்டையில் எழுதி மாட்டியவர் மேனேஜிங் டைரக்டர் உதுமான். இரண்டு வருஷத்தில் ஒரு சிவப்பு நூல் சங்கதிகூட வெளியே கசிந்ததில்லை.

இனி, கம்பெனியின் மிகச் சிறந்த தயாரிப்புகளுக்கு வருவோம். அவை பஜாருக்காகச் செய்தவை அல்ல. மண்ணடியில், தம்பி வீட்டில், மகள் ரஷீதாவோடு இருந்த நசீரா என்ற ஒரே ஒரு நேயருக்காகச் செய்தவை.

கல்யாணமாகிப் பத்து வருஷம். அவளை அந்தமானுக்கு அழைத்து வரவில்லை. வீடு கட்டிக்கொண்டு அழைக்கிறேன் என்றார். பிறகு கம்பெனி காலூன்றட்டும் என்றார். பினாங்கில் கடை வைத்திருந்த மாமனார் ஒருமுறை, "மாப்புள்ள அங்க என்னதான் பண்ணுறாரு?" என்று கடிதத்தில் கேட்டுவிட்டார். அந்த ஒரு வரி உதுமானைக் குடைந்தது. அடுத்த டேப்பில், போகிற போக்கில், "நாப்பது பேரு வேல பாக்குறாங்க, ஒரு நிமிசம் உக்கார முடியல" என்று சொன்னார்.

சொன்னபிறகு நாற்பது பேரின் சத்தம் டேப்பில் கேட்க வேண்டாமா? அதற்கும் ஸ்டுடியோ இருந்தது. பாலசுப்பிரமணியத்தின் ஆபீசுக்குப் போய் டைப்ரைட்டர் சத்தத்தைப் பதிந்து வந்தார். செருப்பைக் கையில் மாட்டி மேஜையில் தட்டி, ஆட்கள் நடமாடுகிற சத்தம் செய்தார். மேனேஜராக ஜம்புலிங்கம் என்று ஒருவரை நியமித்தார். ஜம்புலிங்கத்துக்கு அடித்தொண்டைக் குரல், ஓயாத இருமல். "ஜம்புலிங்கம், அந்த ஃபைல எங்க வச்சீங்க?" என்று அதட்டிவிட்டு, மைக்கிலிருந்து இரண்டடி தள்ளிப்போய், "இதோ சார்" என்று இருமிக்கொண்டே பதில் சொல்வார். பிறகு ஓடி வந்து மைக் முன்னால் முதலாளியாக உட்காருவார். இதெல்லாம் நடந்தது அவர் இரவில் படுத்துத் தூங்குகிற அதே அறையில், சுவருக்கு அடித்து மிச்சமான கோணிகளின் மேல். நான்கு வருஷமாக ஊருக்கே போகவில்லை. போனால் நாற்பது பேரின் முதலாளியாகப் போக வேண்டுமே. அதற்கு அவரிடம் ஒரு நல்ல செருப்புக்கூட இல்லை. மேஜையில் தட்டியே தேய்ந்துவிட்டது.

1970, ஆகஸ்டு. சென்னைக் கப்பல் வந்த நாள். டேப் மூட்டையைப் பிரித்தபோது அதில் சிவப்பு நூல் கட்டிய பெட்டி ஒன்று, அவர் பெயருக்கே. நசீரா இதுவரை சிவப்பு நூல் கட்டியதில்லை. ஐந்து மணிக்கு உதுமான் கப்பல் செய்தி வாசித்தார், வெங்காயம் சொன்னார், பச்சை நூல் டேப் இரண்டைப் போட்டார். ஆறு மணிக்கு "வணக்கம்" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நசீராவின் டேப்பை எடுத்தார். மாட்டினார். ஓட விட்டார். லைனை அணைக்க மறந்தார்.

"ரஷீதா அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சொகம்" என்றாள் நசீரா, ஆறு குழாயிலும்.

"ஒங்க கம்பெனி சேர்மன் லீவுல வந்தப்ப இங்க வந்துச்சு. நல்ல பொண்ணு. முறுக்குக் கொண்டாந்துச்சு. மேனேஜரு ஜம்புலிங்கம் எப்படி இருக்காருன்னு கேட்டேன். அது யாருன்னு கேட்டுச்சு. அது மேல கோவப்படாதீக. பொய் சொல்ல வராத பொண்ணு."

பஜாரில் டீக்கடைக்காரர் உதயசூரியன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிய கை நின்றது.

"எனக்கு இது புதுசு இல்ல. மூணாவது டேப்புலயே தெரியும். ஜம்புலிங்கம் இருமுறாரே, அது ஒங்க இருமலு. எனக்குத் தெரியாதா? நாப்பது பேருன்னு எங்க அத்தாவுக்கு எழுதுனது நானு. இந்தத் தெரு முழுக்கச் சொன்னது நானு. நீங்க ஒரு பொய்ய மாசத்துக்கு ஒருதரம் சொல்லுறீக. நான் அத தெனமும் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு அலுத்துப் போச்சு."

சொக்கலிங்கம் ஓடிப்போய் ஸ்டுடியோ கதவைத் தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். காலால் உதைத்தார். உதுமான் உள்ளே தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அருமையாகக் கட்டிய ஸ்டுடியோ.

"கோணி மேல படுக்குறீகளாமே. எனக்கு ஒரு கோணி போட முடியாதா அங்க? நான் என்ன பங்களாவா கேட்டேன்? எங்க அத்தா பினாங்குக்கு வரச் சொல்லிப் பேப்பர் அனுப்பிட்டாக. பிள்ளைய அங்க பள்ளிக்கூடத்துல சேக்குறாகளாம். போனா திரும்ப வரமாட்டோம். இதே கப்பல் திரும்பி வர்றப்ப ஒங்க பதிலு வரணும். வரலன்னா கையெழுத்துப் போட்டுருவேன். பொய் இல்லாத பதிலா அனுப்புங்க. ரொம்ப வேணாம். அஞ்சு நிமிசம் போதும்."

டேப் ஓடி முடிந்து வால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உதுமான் டேப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மூச்சு முட்டியது. காற்று வாங்கலாம் என்று கதவைத் திறந்தார்.

எதிரே முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். மீன் விற்கிற வங்காளி, ஊரே தாதா, அண்ணன், என்று கூப்பிடுகிறவர், தலையிலிருந்து கூடையை இறக்காமலே நின்றார். ஹேடோவிலிருந்து சைக்கிளை மிதித்து வந்த பாலசுப்பிரமணியம் வேர்த்து ஒழுக, "பாய்... லைன்... லைன்..." என்றார். உதுமான் திரும்பி மேஜையைப் பார்த்தார். லைன் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று தோன்றியதாகப் பிற்பாடு சொல்வார். "பொளக்கல. நம்ம கம்பெனி மாதிரியே அதுவும் சமயத்துக்கு ஒதவல." ஆனால் அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கதவை மறுபடி சாத்திக்கொண்டு அழுதார். வெட்கத்துக்காக அழுததைவிட, பினாங்குக்குப் போகிற கப்பலை நினைத்துத்தான் அதிகம் அழுதார்.

கப்பல் மறுநாள் மத்தியானம் கிளம்புகிறது. காலையில் கடைக் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. முதலில் உதயசூரியன், டீக்கடைத் துண்டைத் தோளில் போட்டபடி.

"பதில் டேப் அனுப்பணும்ல. நாங்க பேசுறோம்" என்றார்.

"நீங்க என்னண்ணே பேசப்போறீங்க?"

"நாப்பது பேருன்னு தெரு முழுக்கச் சொல்லிருக்குல்ல தங்கச்சி. தொறங்க."

உதுமான் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். டேப்பை ஓடவிட்டு மூலையில் உட்கார்ந்தார். உதயசூரியன் மைக்கைப் பிடித்து, "தங்கச்சி, நான் ஒங்க கம்பெனியில டெலிவிஷன் டிபார்ட்மென்ட். பெட்டி வந்ததும் வேல ஆரம்பிச்சுரும்" என்றார். வங்காளி தாதா, "பாபி, ஹம் பி இதர் காம் கர்தா ஹை. மாலிக் அச்சா ஆத்மி ஹை" என்றார். தானும் இங்கே வேலை பார்ப்பதாகவும் முதலாளி நல்ல மனுஷன் என்றும் சொன்னவர், அறையில் மீன் வாசனையையும் விட்டுப் போனார். சொக்கலிங்கம், "நான் நெசமாவே வேல பாக்குறேன்மா. மத்தவுக சொல்றத நம்பாதீங்க" என்று எல்லாவற்றையும் கெடுத்தார். ஹேடோ கிரேன் ஆபரேட்டர் ஒருவர், "நான்தான் ஜம்புலிங்கம்" என்று இருமிக் காட்டினார். அவருக்கு முன்னாலேயே தபால் பட்டுவாடாக்காரர் ஒருவர் ஜம்புலிங்கமாகிவிட்டுப் போயிருந்தார். மரகதம் மைக் முன்னால் உட்கார்ந்து, "அக்கா, நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது" என்று சொல்லி அழுததில் மூன்று நிமிஷம் போயிற்று.

கடைசியாக நூர்முகம்மது வந்தார். ஒன்பது வருஷமாகத் தெருவின் அந்தப் பக்கம் நின்றவர், தலையைக் குனிந்து ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். மருமகனைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்து, "நான் நூர்முகம்மது. ஒன் புருசனோட தாய்மாமன். இவன் கம்பெனியில நான் மேனேஜரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தொழிலே தெரியாதவன் என்று தன்னைத் துரத்திய மனுஷன், தன்னிடம் கைகட்டி வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

எல்லோரும் போனார்கள். டேப்பில் இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. அவர் பேச வேண்டிய இடம் அதுதான். லைன் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். மைக் முன்னால் உட்கார்ந்தார்.

பேச்சே பிழைப்பாக இருந்தவர். கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அலை எப்படி, காற்று எப்படி என்று கால் மணி நேரம் சொல்கிறவர். டேப் சுற்றியது. "நசீரா" என்று ஆரம்பிக்க நினைத்தார். அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்து ஏதாவது சொல்ல வேண்டுமே. என்னை மன்னித்துவிடு என்று சொல்லலாம், அதுகூட ரேடியோவில் வாசிக்கிற மாதிரி வந்துவிடும் என்று பயமாக இருந்தது. சொல்ல நினைத்த ஒவ்வொரு வாக்கியமும் தொண்டைக்கு வரும்போதே தயாரிப்பாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தார். டேப் முடிந்து வால் அடித்தபோது பாலசுப்பிரமணியம் கதவைத் திறந்து, "பாய், கப்பல் ஹார்ன் குடுத்துட்டான்" என்றார். பெட்டியை மூடி, சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எல்லாம் போயிற்று என்று கோணி மேல் குப்புறப் படுத்தார். அன்று சாயங்காலம் ஒலிபரப்பு இல்லை. பஜார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பெனியின் கதையை எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேலி செய்து சொல்லியிருக்கிறார் உதுமான். இதற்கு மேல் வருவதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிடும். அவர் பார்த்ததில்லை, சேக் தாவூத் சொன்னதுதான்.

மண்ணடியில் நசீரா ரஷீதாவை மடியில் வைத்துக்கொண்டு டேப்பைக் கேட்டாள். டெலிவிஷன் டிபார்ட்மென்டுக்குச் சிரித்தாள். இரண்டாவது ஜம்புலிங்கம் இருமியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தாய்மாமன் குரல் வந்ததும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகு டேப்பில் ஒன்றும் இல்லை. கதவு சாத்துகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், ஓர் ஆளின் மூச்சு, அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் போலக்கா, மச்சான் பேச மறந்துட்டாரு" என்று சேக் தாவூத் மெஷினை அணைக்கப் போனார். நசீரா அவர் கையைத் தட்டிவிட்டாள். அரை மணி நேரமும் கேட்டாள். கடைசி அங்குலம் வரை கேட்டாள். மடியில் பிள்ளை தூங்கிவிட்டது.

டேப் வால் அடித்தபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசத்துல இவுக அனுப்புன டேப்புலயே இதுலதான்டா பொய் இல்ல" என்றாள். "அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் எடு, தம்பி. ஒண்ணர டிக்கெட்."